ஒன்பது மில்லிமீட்டர்

மின்தூக்கி தரையோடு தரையாய் நிற்க வேண்டும்.
ஐந்து மில்லிமீட்டர் பிசகினாலும்
சப்பாத்து நுனி தட்டும்,
தள்ளுவண்டிக் குழந்தை விழித்துக்கொள்ளும்,
யாராவது நகர மன்றத்துக்கு ஃபோன் போடுவார்கள்,
நான் போவேன்.
ஈசூன், காத்திப், அங் மோ கியோ,
முப்பத்தொரு வருஷம்.
குழியில் இறங்கி வடம் பார்த்து, பிரேக் பார்த்து
மேலே வந்து
வாசல் விளிம்பில் ஐம்பது காசைக் கிடத்தி
விரலால் தடவிப் பார்ப்பேன்.

இப்போது என் இடது கால்
வலதைவிட ஒன்பது மில்லிமீட்டர் நீளம்.

டாக்டர் குவெக் மறைக்கவில்லை.
எக்ஸ்ரே திரையில் கோடு இரண்டு இழுத்தார்,
எண் தானாக வந்து நின்றது.
நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

அன்று முதுகில் போட்ட ஊசியில்
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
யாரோ யாருக்கோ வேலை பார்த்தார்கள்.
முதலில் சுழலும் அரம்:
கிண்ணம் குடைகிறார்கள்.
அப்புறம் சுத்தியல்.
அடிக்க அடிக்கச் சத்தம் கூர்மையாகி
இனி இறங்கமாட்டேன் என்று
எலும்புக்குள்ளிருந்து உலோகம் சொன்ன இடத்தில்
கை நின்றது.
நானும் அங்கேதான் நிறுத்தியிருப்பேன்.

சோதனைக்கு ஒரு தலையை மாட்டி
காலை மடக்கி உள்பக்கம் திருப்பினார்கள்.
டொக்.
"கழன்றுகொள்கிறது. அடுத்த நீளம்."
டொக்.
"இன்னொன்று."
அதற்குப் பிறகு டொக் இல்லை.
ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது.

தளர்ந்த வடத்தில் ஆளை ஏற்ற முடியாது.
இழுத்துக் கட்டினால் மட்டம் போகும்.
இரண்டும் சேர்ந்து கிடைக்காத நாளில்
எதை விட்டுக்கொடுப்பது என்று
என்னிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.
ஆனாலும் மூன்று மாதம்
அந்த மனிதர்மேல் கோபமாயிருந்தேன்.

சம்மணம் கூடாது. கால்மேல் கால் கூடாது.
குனிந்து எதையும் எடுக்கக் கூடாது,
கீழே விழுந்தது காசானாலும், என்றாள்
பயிற்சி கொடுத்த ஹிதாயா.
மங்கையர்க்கரசி என் வலது செருப்புக்குள்
தக்கை அட்டை வெட்டி ஒட்டினாள்.
செருப்பைக் கழற்றும் இடமெல்லாம் ஏமாந்தேன்:
மச்சான் வீட்டில், குளியலறை ஈரத்தில்.
பெருமாள் சன்னிதியில் ஒரு பக்கம் சாய்ந்தே கும்பிட்டேன்.
பக்கத்தில் நின்றவர்
பக்தி என்று நினைத்திருப்பார்.

நேற்று மறுபரிசோதனை.
வார்டில் என் எதிர்க்கட்டில் திரு. ஓங்,
எனக்கு மறுநாள் அதே இடுப்பு, வேறு டாக்டர்.
சக்கர நாற்காலியில் இருந்தார்.
இடுப்பிலிருந்து தொடைவரை பிளாஸ்டிக் கவசம்.
கழன்றது இரண்டு முறையாம்:
ஒருமுறை சப்பாத்துக் கயிறு கட்டும்போது,
ஒருமுறை டாக்சியில் ஏறும்போது.
"திறந்து மறுபடி செய்யணுமாம்."
பிறகு கால்களை நீட்டிக் காட்டினார்,
"பார், ரெண்டும் சமா-சமா."
அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
தள்ளிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது.
முன்சக்கரம் விளிம்பில் இடித்து நின்றது.
பெட்டி சற்றே தாழ நின்றிருக்கிறது.
எட்டு. இல்லை, ஒன்பது.
காசு தேவைப்படவில்லை.
கைப்பிடியை அழுத்தி, சக்கரத்தைத் தூக்கி,
அவரை வெளியே விட்டு
வலது காலைத் தரையில் வைத்தேன்.
இடது கால் இன்னும் பெட்டிக்குள்.

மூன்று மாதத்தில் முதல்முறை
இடுப்பு நேராக இருந்தது.

கதவு மூட வந்து, என்னைத் தொட்டு,
திரும்பிப் போனது. மறுபடி வந்தது.
"என்ன ஆச்சு?" என்றார் ஓங், திரும்ப முடியாமல்.
ஒன்றுமில்லை, ஒரு நிமிஷம், என்றேன்.